சாய்த்து வைத்த என்

பினாங்கிலிருந்து வந்த ஸ்கிராபிள் பெட்டியில்
பலகையைக் கரையான் தின்றுவிட்டது.
வில்லைகள் மிச்சம், தொண்ணூற்றேழு.

முன்பக்கம் காகிதம்:
நிக்காஹ் அழைப்பு உறைக்குள் ஒட்டிவரும்
மயில்நீலக் கொடித்தாள்.
பின்பக்கம் எழுத்து, நெஞ்சில் படும்படி.

ஓரத்தை நகவெட்டி அரத்தால் ராவி
ரெசினைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
டபராவைக் கவிழ்த்து வைத்தால் ஒரு நாள்.
ஐப்பசியில் மூன்று.
அப்படியும் வயலிலிருந்து விளக்குக்கு வந்த
பச்சைத் தத்துப்பூச்சி ஒன்று
உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.
அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினாள்
வெண்ணாற்றுப் பாலத்து மருந்துக்கடைப் பெண்.

ஈ பன்னிரண்டும் அப்படியே கிடக்கின்றன.
கூத்தாநல்லூரில் ஈயில் யாருக்குப் பெயர்?
இஸட் ஒன்றே ஒன்று, ஆட்டத்தில் பத்துப் புள்ளி.
ஜீனத் காலையில் வாங்கிப் போனாள்.
சாயங்காலம் ஜுலைகா வந்து
ஆதாரை நீட்டினாள்:
‘பாருங்க லாத்தா, நானும் இஸட்தான்.’

நான் ஒரு என்னை எடுத்துச் சாய்த்தேன்.
கொக்கியைப் பக்கவாட்டில் ஒட்டினேன்.
அசல் இஸட்.
மூலையில் இருந்த ஒன்று மட்டும்
பாய் விரித்துப் படுத்துவிட்டது.

நாலாம் நாள் கண்டுபிடித்து வந்தாள்.
‘அவளுக்குப் பத்து, எனக்கு ஒன்னா?’

பணத்தைத் திருப்ப
டப்பாவைத் திறந்தேன்.
அவள் பதக்கத்தை விடவில்லை,
உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

‘இருக்கட்டும்.
ஒருக்களிச்சுப் படுத்துப் பார்த்தா
என்னுன்னுதான் இருக்கு.’