முப்பத்தொன்றாவது கேள்வி

எல் பாசோவில், பாலத்துக்கு இந்தப் பக்கம்
காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பவள் நான்.
ஹுவாரெஸிலிருந்து இருட்டிலேயே கிளம்பி
பாலத்து வரிசையில் விறைத்தவர்கள்
குளிரையும் கோட்டோடு கழற்றி மாட்டுவார்கள்.
பிளாஸ்மா எடுக்கும் இடம் இது.
மஞ்சளை வைத்துக்கொண்டு
சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.
நாணயமான கடை.

கேள்வி கேட்பது என் வேலை.
பச்சை குத்தினீர்களா, காய்ச்சல் உண்டா,
கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்.
முப்பத்தொன்றாவது:
எவருடைய வற்புறுத்தலும் இன்றி
சுயபுத்தியோடு, முழு மனதோடு
சம்மதிக்கிறீர்களா?

கேள்வி முடியுமுன்பே ஆம் என்பாள் எதெல்மிரா.
வாரம் இரண்டு ஆம்.

யார் வற்புறுத்தினார்கள் அவளை?
வீட்டுக்காரர் வாடகையைத்தான் கேட்டார்,
ரத்தத்தை அல்ல.
மருந்துக்கடைப் பெண் விலையைத்தான் சொன்னாள்,
அதுவும் தணிந்த குரலில்.
ஒயர் தொழிற்சாலையில்
ஒரு ஷிப்டைத்தான் நிறுத்தினார்கள்.
ஒருவர் கையிலும் கத்தி இல்லை.
எல்லோரும் தள்ளி நின்றே பேசினார்கள்.

இன்று எடைமேடையில் ஐம்பது புள்ளி இரண்டு.
ஐம்பதுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்ப வேண்டும்.
இறங்கும்போது அவள் பூட்ஸுக்குள்
ஏதோ கிலுங்கியது.
ஒரு இரும்பு நட்டு தெறித்து உருண்டு
என் நாற்காலிக்கடியில் போய் நின்றது.

அவள் தரையைப் பார்த்தாள்.
நான் கூரையைப் பார்த்தேன்; அங்கே கேமரா.
போன மாதம் ரொசெந்தோவை
இப்படி ஒன்றுக்காகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
அனுப்பவில்லை, அவரே விலகினார்
என்கிறது அவர் கையெழுத்திட்ட தாள்.

பேனா விழுந்தது போலக் குனிந்தேன்.
நட்டைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு
ஐம்பது புள்ளி இரண்டு என்று எழுதினேன்.
இது இரக்கமா?
மயங்கி விழுந்தால் சொல்கிறேன்.

பிறகு முப்பத்தொன்றாவது.
இம்முறை கேள்வி முடியும்வரை காத்திருந்தாள்.
முடிந்தும் பேசவில்லை.
"இல்லை என்பதற்கும் கட்டம் இருக்கிறதா?"
"இருக்கிறது."
இருக்கிறதுதான். ஆறு வருடமாய்
என் பேனா படாத சின்னக் கட்டம்.
"அதற்கு எவ்வளவு தருவீர்கள்?"

சிரித்தாள். நானும்.
பின்னாலிருந்து யாரோ
சீக்கிரம் என்றார்கள்.
சட்டைக் கையை அவளே மடித்துவிட்டாள்,
முழங்கைக்கு மேல்வரை, ஒழுங்காக,
பழைய தழும்புக்குப் பக்கத்தில்
இடம் காட்டி.