காய்ந்த மணல்

பணிப்பட்டியல் எழுதுவது என் வேலை.
பிர்னோ நகரத்தின் பழைய டிராம் பணிமனை,
நூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்கள்,
ஆளுக்கொரு கட்டம்.

நவம்பர் ஒன்பது, காலை ஆறு நாற்பது.
வெண்டுலாவின் கட்டத்தில் ஆறாம் தடம் என்றிருந்தது.
மூடுபனி. பள்ளிக்கு எதிர் வளைவு.
கையில் ரொட்டிப் பையோடு ஒருவர்
தண்டவாளத்தைக் கடந்தார்,
கடந்து முடிக்கவில்லை.

அவள் செய்ததெல்லாம் சரி.
மணியடித்தாள், பிரேக்கை அழுத்தினாள்,
சக்கரங்களுக்கு முன்னால் மணல் கொட்டியது,
கொட்ட வேண்டிய அத்தனை மணலும்.
விசாரணை அறிக்கை இதை நான்கு பக்கத்தில் சொன்னது.
நான்கு பக்கமும் அவளைத் தூங்கவைக்கவில்லை.

மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது:
அழைக்க ஓர் எண், வியாழன்தோறும் ஆலோசகர்,
சம்பளத்தோடு மூன்று நாள்.
நல்ல தாள்தான், குறை சொல்ல மாட்டேன்.
அவள் லாக்கரில் ஒட்டினேன்.
பிறகு பிய்த்தெடுத்து
வீட்டுக்கே கொண்டுபோனேன்.

உன் தவறில்லை என்றேன்.
அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்றாள்.
நான் இறங்கி ஓடியபோது
சிதறிய ரொட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது,
அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டேன்.
காலணியைக் கழற்ற மறந்து
நடைவழியிலேயே ஒரு மணி நேரம் நின்று
கேட்டேன்.

மூன்று நாள் முப்பதானது.
அவள் கட்டத்தில் வேறு பெயரைப் போடச் சொன்னார்கள்.
போட்டேன், பென்சிலால்,
அவள் பெயருக்குக் கீழே.

பணிமனையில் மணல் நிரப்புகிற ராடிம்
குடித்தால்கூடப் பேசமாட்டான்.
என் மேசைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான்:
அவளுடைய வண்டியின் பெட்டியை நான்தான் நிரப்புகிறேன்,
தினமும் பார்க்கிறேன்,
சொல்லிவிடு.

சொன்னேன். போனில் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு,
நன்றாகக் காய்ந்த மணல்தானே? என்றாள்.
அது ஓட்டுநர் கேட்கிற கேள்வி.

பிப்ரவரியில்
வளைவில்லாத தடங்களை எண்ணிச் சொன்னேன்.
ஒரு வாரம் யோசித்தாள்.
முதலில் அவற்றில் ஒன்று, பிறகு ஆறு.
அந்த வண்டியேதான் வேண்டும்.
யாராவது பின்னால் நில்லுங்கள்,
பேச வேண்டாம்.

முறை வைத்தோம், பட்டியலில் ஏறாத பட்டியல்.
விடுப்பு நாளில் வந்து நின்றவர்கள் உண்டு,
அவளோடு இரண்டு வருடம் முகம் கொடுக்காத யார்மிலா உட்பட.

என் முறை ஒரு செவ்வாய்க்கிழமை.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்தாள்,
தேவைக்கு மேல் குறைத்தாள்.
யாரோ கடிகாரம் பார்த்து முணுமுணுத்தார்.
திரும்பிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டார்.
அவள் ஒருமுறை மணியடித்தாள்.
தண்டவாளத்தில் யாருமில்லை.

அன்று நான்கு நிமிடத் தாமதம்.
காரணம் எழுதும் கட்டத்தில்
மூடுபனி என்று எழுதினேன்.
ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.