தராசு

பெரஹரா முடிந்து மூன்று நாள்.
கண்டித் தெருக்களில் இன்னும் யானை லத்தி வாசம்.
வாவி மீன்களுக்குப் பொரி போட்டாயிற்று,
பேராதனைப் பூங்காவுக்கு நேரம் காணாது.
ஆட்டோக்காரர்தான் சொன்னார்:
மேலே தேயிலை நூதனசாலை இருக்கு,
பிள்ளைகளுக்குப் பிரயோசனம்.

புஷ்பகாந்தி என்னைப் பார்த்தாள்.
அரைப்பேர்கூட விழாத நாளில்
இரண்டு பஸ் மாறி வந்து
தேயிலையா?

வெளிநாட்டாருக்கு ஒரு விலை, உள்நாட்டாருக்கு ஒரு விலை.
ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து
ஒன்றும் கேட்காமல் உள்நாட்டைக் கிழித்தார்.
அடையாள அட்டையை எடுத்திருந்தேன்.
மெல்லப் பைக்குள் திருப்பி வைத்தேன்.

கீழே, கண்ணாடிபோல் துடைத்த அரைக்கும் மெஷின்.
பித்தளைத் தகட்டில் வருஷமும் சீமையில் ஓர் ஊரும்.
"இது நம்ம ஸ்டோர்ல ஓடுதே அப்பா!"
டிலுக்சனின் குரல் கூரை வரை போனது.
முந்தாநாளும் ஓடியது,
பெல்ட் அறுகிற வரைக்கும்.

மாடியில் படங்கள். துரைமாருக்கெல்லாம்
பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம்.
கூடைக்காரிக்குக் கீழே மூன்று மொழியில்
'கொழுந்து பறிக்கும் பெண்'.
நான் அதை வாசித்துக்கொண்டிருந்தேன்.
அவள் பார்த்தது விரல்களை.
"முத்தின இலையில கை வச்சிருக்கா.
படத்துக்கு நிக்கச் சொல்லியிருக்காங்க."

பிறகு மூலையில், கயிற்றுக்கு அப்பால்,
கொக்கியோடு தொங்கும் தராசு.
"அல்லன்ட எபா" என்றார் காவலாளி.
அவள் தொடவில்லை. குனிந்து முள்ளைப் பார்த்தாள்.
பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள்.
ஹர்ஷிகா சிணுங்கியும் நகரவில்லை.
"வெறுமையா இருந்தா பூச்சியத்தில நிக்குதுங்க" என்றாள்,
என்னிடமா அவரிடமா தெரியவில்லை.
"சாக்குக்குன்னு ரெண்டு கிலோ வெட்டல."

காவலாளிக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்போல.
படிப்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு
கயிற்றை அவிழ்த்து, கையால் சைகை காட்டினார்.
எங்கள் சோற்றுப் பையை மாட்டினாள்.
முள் ஆடி ஆடி ஏழில் நின்றது.
"ராத்தல்," என்றார் அவர், "கிலோ நே."
கிலோவில் எவ்வளவென்று எங்களில் யாருக்கும் வரவில்லை.
அவள் பையைக் கழற்றினாள்.
முள் பூச்சியத்துக்கு வரும்வரை நின்றாள்.

மேல்மாடியில் தேநீர் விலையைக் கேட்டுவிட்டு
வெளியே வந்து பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கினோம்.

பஸ்ஸில் தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.
கம்பளைக்கு அப்பால் கண் திறக்காமல் சொன்னாள்:
"நாளைக்கு அந்திக்கு நிறுக்கையில
கொழுந்தப் போடுறதுக்கு முன்னாடி முள்ளப் பாக்கணும்."
பார்த்து?
"பாக்கணும்."