ரோல் கூடு – 1

சேதராப்பட்டு ஷெட்டில் நிற்கிறது என் கார்,
சீட்டில்லாமல், கார்ப்பெட்டில்லாமல்,
வெளியே மட்டும் அதே சிவப்பு.

ஹெல்மெட்டோடு உட்காரச் சொல்கிறார் குணபாலன்.
உச்சிக்கும் குழாய்க்கும் நடுவே
நாலு விரல் வைத்துப் பார்க்கிறார்.
மூன்றுதான் போகிறது.
"ஒண்ணு சீட்ட இறக்கணும். இல்ல உங்கள."

கூரையை ஒட்டிய மூட்டின் மேல்பக்கம்
வெல்டிங் டார்ச் நுழையாது.
அதற்கொரு வழி வைத்திருக்கிறார்.
கார்த் தரையில் ஓட்டை போட்டு
கூண்டையே அதில் கால்விட்டு இறக்கி,
கிடைத்த ஒரு முழ இடைவெளியில்
படுத்தபடி பற்றவைத்து,
மறுபடி ஜாக்கி கொடுத்து ஏற்றி,
ஓட்டைமேல் கனத்த தகடு.

"கவிழ்ந்தா தாங்குமா?"
முகமூடியைத் தூக்காமலே சொல்கிறார்:
"கவிழ்ந்தா தெரியும்."

கடல்பக்கமிருந்து காற்று திரும்புகிறது.
காலையில் தேய்த்துப் பளபளத்த குழாயில்
அதற்குள் பழுப்பு.
பிரைமர் டப்பாவைத் தேடி ஓடுகிறான் ரெமி.

வீட்டில்
ஏசி ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன்.

பில்லில் ரெமியின் கையெழுத்து:
ரோல் கூடு – 1.
கூண்டு என்று திருத்தச் சொல்ல
வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
மடித்து வைக்க டேஷ்போர்டும் இல்லை,
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இனிமேல் கதவைத் திறந்தாலும்
குறுக்குக் குழாயைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.
வலது கால் முதலில்.
அதற்குள் முழங்கால் இரண்டு முறை இடித்துவிட்டது.
குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.