மருந்துக்குக் கேட்குமா

சேதுராக்கு, நாற்பத்தொன்று, சின்னப்பாலம்.
இடது குதிகால், சீழ்.
பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதன் கீழே
சிவப்பு மையில் இரண்டு கோடு.

பாசி எடுக்கப் போன இடத்தில் பார் கிழித்த கால்.
பாம்பன் மெடிக்கலில் மூன்று மாத்திரை வாங்கி
இரண்டை விழுங்கிவிட்டு
மூன்றாவதை முந்தானையில் முடிந்துகொண்டு
மறுபடி கடலுக்குள் இறங்கியிருக்கிறாள்.
படிவத்தில் இதற்கு இடமில்லை.
கூட வந்த நாத்தனார் சொன்னது.

கிருமியை உப்புநீரில் கலக்கி
கோடு போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்தேன்.
கலங்கல் கூடினாலும் பொய், குறைந்தாலும் பொய்.
அகார் தட்டு முழுக்க இழைத்து
எரித்ரோமைசின் வில்லை ஒன்று,
அளந்து இருபது மில்லிமீட்டர் தள்ளி
கிளிண்டமைசின்.

இரவு இரண்டு முறை கரண்ட் போனது.
முப்பத்தைந்து டிகிரிதானே வேண்டும்,
ஆனி மாத ராமநாதபுரத்தில்
பெட்டிக்கு வெளியே வைத்தாலும் வளரும் என்று
ஜெய்னம்பு சிரித்தாள்.

காலையில் கறுப்புத் துணிமேல் தட்டைக் கவிழ்த்தேன்.
எரித்ரோமைசினைச் சுற்றி வெளியே இல்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து குடியேறியிருந்தது.
ஆறு மில்லிமீட்டர்:
அது வில்லையின் அகலம் மட்டும்.

கிளிண்டமைசினுக்கு நல்ல வட்டம்.
இருபத்து நான்கு என்று எழுதப் போன கை
நின்றது.
பக்கத்து வில்லையைப் பார்த்த ஓரம் மட்டும்
யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல் தட்டை.
ஆங்கில டி எழுத்து.

ஒரு மருந்தின் வாடை பட்டதும்
இன்னொன்றுக்கும் கதவடைக்கத் தெரிந்த கிருமி.
தனியாக விசாரித்திருந்தால்
மருந்துக்குக் கேட்கும் என்றுதான் எழுதியிருப்பேன்.
டாக்டரும் நம்பியிருப்பார்.
கால் நம்பியிருக்காது.

இரண்டு கட்டத்திலும் கேட்காது என்று எழுதினேன்.

அடுத்த தட்டுகளுக்கு அகார் எடுக்கும்போது
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்.
தேதி இருந்தது, எடை இருந்தது.
எந்தக் கடலின் பாசி என்று இல்லை.
மரிக்கொழுந்துப் பாசியாகவும் இருக்கலாம்,
விரலுக்குத் துணி சுற்றிய யாரோ
மூச்சடக்கிப் பிடுங்கியது.
அப்படியானால் அவள் குதிகால் கிருமி
நேற்றிரவு அவள் கூலியின்மேல்தான்
படுத்து வளர்ந்தது.

டாக்டர் வேறு எழுதுகிறேன், வரச் சொல்லுங்கள் என்றார்.
படிவத்திலிருந்த எண்ணுக்கு அடித்தேன்.
ஒரு பையன் எடுத்தான்.
'அம்மா தீவுக்குப் போயிருக்கு. இன்னைக்குத் தண்ணி வத்தம்ல.'
பின்னால் காற்று இரைந்தது.

வந்ததும் பேசச் சொல்லு தம்பி,
அதுவரைக்கும் காலை நனைக்காமல்
என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.