காய்ந்த கார்

சனிக்கிழமை காலை குன்வோர் திரும்பி வந்தாள்,
நான் விற்ற வோல்வோவிலேயே.
ரப்பர் பூட்ஸ். கையில் ஒரு மீன் ஊறுகாய் ஜாடி,
முக்கால்வாசிக்குக் கலங்கல் தண்ணீர்.
"உன்னுடையது" என்று
வாசற்படியில் வைத்தாள்.

விற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.
அதற்கு முன் இரண்டு இரவு
தரைவிரிப்பை ஹீட்டர் முன் காயவைத்திருந்தேன்.
பைன் வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன்.
"ஒழுகுமா?" என்று கேட்டாள்.
"பெர்கனில் எதுதான் ஒழுகாது?" என்று சிரித்தேன்.
பொய் இல்லையே அது
என்று பதினோரு நாளாக
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூரைக்கு ஸ்லேட் பதிக்கிறவள் அவள்.
கத்துவாள் என்று காத்திருந்தேன்.
"ஹோஸ் இருக்கிறதா?" என்றாள்.

இரண்டு பேர் வேண்டும் இதற்கு.
வெளியே மழையாக ஒருவர்,
உள்ளே டார்ச்சோடு ஒருவர்.
விற்றவன் உள்ளே.
பெடல்களுக்கு அடியில் தலை, இருக்கையின் மேல் கால்,
டேஷ்போர்டின் அடிவயிற்றைப் பார்த்தபடி மல்லாந்து.
கதவை அவளே அறைந்து சாத்தினாள்.
இல்லை என்றால் ஒரு தட்டு,
வருகிறது என்றால் இரண்டு.

ஏற்கெனவே தூறிக்கொண்டிருந்த மழையில் நின்று
காருக்கென்று தனியாக ஒரு மழை பெய்வித்தாள்.
எதிர்வீட்டு டோர்லைஃப்
ஜன்னல் திரையை விலக்கியவர் விலக்கியவர்தான்.

கீழிருந்து மேலாக வந்தாள்.
கதவின் விளிம்பு. ஒரு தட்டு.
முன்கண்ணாடியின் அடி ரப்பர். ஒரு தட்டு.
அங்கேயெல்லாம் மூன்று வருடமாக
சிலிகான் அப்பியிருக்கிறேன்,
மீன்தொட்டிக்கு வாங்கியது, விரலாலேயே.
ஈரம் தெரிந்த இடத்தையெல்லாம் அடைத்தவன் நான்.

பிறகு கூரை. சன்ரூஃபின் இடது மூலை.
தகரத்தின் மேல் நீர் ஓடும் சத்தம்,
கண்ணாடிக்கு வெளியே
கரைந்து கரைந்து சேரும் அவள் முகம்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம்
வயர்க் கற்றையின் மேல் ஒரு சொட்டு,
இருட்டிலும் வழி தெரிந்தவன் போல இறங்கி
ஃபியூஸ் பெட்டியின் ஓரத்தில் நின்று பருத்து
நேராக என் மூக்கில் விழுந்தது.

உடனே தட்டவில்லை.
இந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.
சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கேட்டு
ரேடியோவைக் கூட்டி வைத்த சத்தம்.
ஐந்து சொட்டு, ஆறு.
பிறகு தட்டினேன், இரண்டு.

மூலையில் மிளகு அளவில் ஒரு துளை.
பழைய சைக்கிள் பிரேக் கம்பியை
அதற்குள் சுழற்றிச் சுழற்றி விட்டாள்.
பிர்ச் விதைகள், பாசி,
காப்பிச் சக்கை போலக் கறுத்த ஒரு கூழ்.
சட்டென்று முன்சக்கரத்தின் பின்னால்
தரையில் நீர் கொட்டியது.

"ஓட்டையே இல்லை" என்றாள்.
"தண்ணீர் உள்ளே வரட்டும் என்றுதான்
குழாயே வைத்திருக்கிறார்கள்.
வெளியே போகிற வாய்தான் அடைத்திருந்தது."

கார் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.
அவள் என் சிலிகானை நகத்தால் உரித்தாள்.
அடியில் துரு.
நான் அடைக்காத இடங்களில் அவ்வளவாக இல்லை.
ஒட்டுநர் இருக்கைக்கு முன்னால்
கட்டைவிரலை அழுத்தினாள்.
தரைத் தகடு பிஸ்கட் போல் உடைந்து
விரல் வெளியே நீண்டது, மழைக்கு.

பர்ஸைத் திறந்து நீட்டினேன்.
வெல்டிங்குக்கு ஆயிரத்து எண்ணூறு குரோனர்
எண்ணி எடுத்துக்கொண்டாள்.
மிச்சத்தைத் தொடவில்லை, கையும் கொடுக்கவில்லை.
வாசனை அட்டையை மட்டும் கழற்றி
என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனாள்.

டோர்லைஃப் தெருவைக் கடந்து வந்தார்.
"நல்ல வண்டியாயிற்றே, ஏன் விற்றாய்?"

"ஒழுகியது" என்றேன்.

புல்லில் ஹோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
இருவரும் அதைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நனைந்தோம்.