பதினாலு வீதம்

பாசிக்குடா விடுதியில் இரண்டு நாள் பயிலரங்கு.
நாட்டின் பொருளாதாரம் எழும்ப
ஆளுக்கொரு வழி சொல்லி
மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள்.
விழிப்புணர்வு என்று பதினேழு பேர் எழுதியிருந்தோம்.
நானும்தான்.
குளிரூட்டிக் காற்றில் நாலைந்து தாள் உதிர்ந்தது.
சாப்பாட்டுக்கு மணி அடித்தது.

திரும்பி வரும்போது
நாவிதன்வெளி வீதியில் பாதியை நெல் பிடித்திருந்தது.
மாசி வெயில்.
வெட்டு மெசின் காலையில் கக்கிய பச்சை நெல்
மறுகரையில்; காய்ந்தது இந்தக் கரையில்.
மோட்டார் சைக்கிளை இறங்கி உருட்டினேன்.

லொறிக்காரன் ஈரம் பார்க்கும் பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டுதான் இலக்கம் சொல்வான்.
திரை அவன் பக்கம்.
"இருபது."
அவ்வளவுதான்,
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் இறங்கிவிடும்.
அறுபத்தாறு கிலோ மூட்டைக்கு
எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
தெய்வமலர் மனக்கணக்காய்ச் சொன்னாள்,
நான் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன், சரி.

அவள் ஒரு மணியை எடுத்து
முன்பல்லில் வைத்து நறுக்கினாள்.
"இது பதினாலுகா.
என்ட பல்லுக்குத் தெரியும்.
லொறிக்குத்தான் என்ட பல்லைத் தெரியாது."

கொழும்பில் அந்தப் பெட்டி ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு.
இருபத்துமூன்று குடும்பம்,
குடும்பத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
சொன்னதும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான்.
நாலு கூட்டம் நடந்தது.
கோணாமலை இரண்டு தடவை எழும்பிப் போனார்.
யார் வீட்டில் வைப்பது என்பதில்
அண்ணன் தம்பி இருவர் கதைக்காமல் விட்டார்கள்,
இன்னும் கதைக்கவில்லை.
கடைசியில் பாலர் பாடசாலை அலுமாரி,
களிமண் யானைக்கும் வர்ணப் பென்சிலுக்கும் நடுவில்.
திறப்பு ரீச்சரிடம்.
ரீச்சருக்கு வயல் இல்லை, அதுதான் தகுதி.

முதல் லொறி எங்கள் திரையைப் பார்த்துச் சிரித்தது,
பின்கதவைச் சாத்திக்கொண்டு போனது.
இரண்டாவது நிற்கவே இல்லை.
மூன்றாம் இரவு மழை.
படங்கு போதவில்லை.
ஆறு மூட்டை நனைந்து முளைவிட்டது.
கோணாமலை ஒரு பிடி முளையை அள்ளி வந்து
என் மோட்டார் சைக்கிள் ஆசனத்தில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.
ஏசியிருந்தால் அன்று நித்திரை வந்திருக்கும்.

அடுத்த கிழமை
சம்மாந்துறையிலிருந்து ஆதம்பாவாவின் லொறி.
"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பமே" என்றார்.
ஒரே சாக்கு நெல், இரண்டு பெட்டி.
அவருடையது பதினெட்டு.
எங்களுடையது பதினைந்து.
இரண்டு பக்கமும் குரல் ஏறியது.
பிறகு அவருடைய லொறியிலேயே ஏறி
கமநல சேவை நிலையத்துப் பெட்டியிடம் போனோம்.
அது சொன்னது
பதினாறு.

எங்கள் பெட்டியும் ஒரு வீதம் பொய் சொல்லியிருக்கிறது.
தெய்வமலர்தான் முதலில் சிரித்தாள்.
ஆதம்பாவா தன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்:
"இது வாங்கிற ஆளுக்குப் பழகின பெட்டி,
சொன்னாலும் கேக்காது."
பதினாறுக்கே விலை எழுதினோம்.

என் பையில் மிஞ்சிக் கிடந்த மஞ்சள் ஒட்டுத்தாளில்
"ஒன்று கூட்டவும்" என்று எழுதிப்
பெட்டியின் முதுகில் ஒட்டினோம்.
உதிராமல் இருக்க
ரீச்சர் மேலே செலோரேப் போட்டார்.

உரக்கடன் அப்படியே இருக்கிறது.
கிழமைக்கடன்காரன் வியாழன் தவறாமல் வருகிறான்.
நனைந்த ஆறு மூட்டையின் கணக்கு
எந்தக் கூட்டத்திலும் இன்னும் தீரவில்லை.

மாத முடிவில் மேலிடத்துப் படிவம் வந்தது.
தேசியப் பிரச்சினைகளுக்கு முன்மொழியும் தீர்வு:
இரண்டு கோடு இடம்.
முதல் கோட்டில் எழுதினேன்,
திரை இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.
இரண்டாவதில்,
பற்றரி, ஒன்பது வோல்ட், ஒன்று.